ஒரு புதிய ஆடையும் ஒரு காத்திருப்பு இல்லமும்

மிஷனரி என்ற சொல் காதில் விழுந்ததும் தமிழ் வாசகர்களின் நினைவில் எழுவோர் பெரும்பாலும் மொழியறிஞர்களே. 1732இல் சதுரகராதியைத் தொகுத்த வீரமாமுனிவர், 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், 1900இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்த போப் என ஒரு வரிசை நம் பள்ளிப் பாடநூல்களிலிருந்தே மனத்தில் பதிந்திருக்கிறது. நூல் எழுதியவர்களை நாம் அறிவோம். ஊசியும் நூலும் கொண்டு கிழிந்த உடல்களைத் தைத்தவர்களை அவ்வளவாக அறியோம். அவர்கள் இலக்கணம் எழுதவில்லை. எழுதியதெல்லாம் நோயாளிகளின் பதிவேடுகள். அவற்றை இலக்கியக் கூட்டங்களில் எவரும் வாசிப்பதில்லை.

நாங்கள் ஐந்து நண்பர்கள். மாதம் ஒருமுறை கூடிப் படித்ததைப் பேசுவது பல்லாண்டு வழக்கம். கடந்த சில மாதங்களாக எங்கள் பேச்சு கதை, கவிதையை விட்டு விலகி எத்தியோப்பியாவின் மலைக்கிராமங்களில் சுற்றிக்கொண்டிருந்தது. அங்கே பிரசவத்தில் சிதைந்த பெண்களுக்காக உழைத்த கிறிஸ்தவ மருத்துவர்களையும் கன்னியர்களையும் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தோம். அதைவிட அதிகமாகச் சண்டையிட்டோம். அந்தப் படிப்பும் சண்டையும் விட்டுச்சென்ற எண்ணங்களின் தொகுப்பே இக்கட்டுரை.

முதலில் ஒரு தன்னிலை விளக்கம். எங்களில் மருத்துவர் எவரும் இல்லை. இருவர் கிறிஸ்தவக் குடும்பங்களில் பிறந்தவர்கள், ஒருவர் உறுதியான கடவுள் மறுப்பாளர், மற்ற இருவரும் நல்ல நாளில் கோவிலுக்குப் போகிற சராசரிகள். ஆகவே இதில் பிரச்சாரமும் இல்லை, எதிர்ப் பிரச்சாரமும் இல்லை.

* * *

நோயிலிருந்தே தொடங்க வேண்டும். ஃபிஸ்டுலா என்பது அதன் பெயர். நம் ஊர்ப் பேருந்து நிலையச் சுவர்களில் மூலத்தோடு சேர்த்து விளம்பரப்படுத்தப்படும் பௌத்திரமும் ஒருவகை ஃபிஸ்டுலாதான். உடலில் இருக்கக்கூடாத இடத்தில் ஏற்படும் புழையைக் குறிக்கும் பொதுச்சொல் அது. ஆனால் பிரசவத்தினால் வரும் ஃபிஸ்டுலாவுக்கு நம் பேச்சுத் தமிழில் எங்களுக்குத் தெரிந்து தனிச்சொல் இல்லை. சுவரில் எழுதத்தக்க நோய் ஒன்று, வாயால் சொல்லத்தகாத நோய் ஒன்று.

அது நேரும் விதம் இது. தாயின் இடுப்பெலும்பு குறுகியிருந்தாலோ குழந்தை கிடக்கும் நிலை பிறழ்ந்திருந்தாலோ தலை வெளிவர முடியாமல் சிக்கிக்கொள்கிறது. வசதியுள்ள இடத்தில் உடனே சிசேரியன் செய்துவிடுவார்கள். வசதியற்ற இடத்தில் வலி இரண்டு நாள், மூன்று நாள், சில சமயம் ஐந்து நாள்கூட நீடிக்கிறது. அத்தனை நேரமும் குழந்தையின் தலை ஒருபுறமும் தாயின் இடுப்பெலும்பு மறுபுறமுமாக இடையிலுள்ள மென்தசையை நசுக்குகின்றன. இரத்த ஓட்டம் நின்று தசை இறந்துபோகிறது. குழந்தையும் பெரும்பாலும் இறந்தே பிறக்கிறது. சில நாட்களில் இறந்த தசை உதிர்ந்து, சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையில் துளை விழுகிறது. சிலருக்கு மலக்குடலிலும் விழுகிறது. அன்றுமுதல் சிறுநீர் அடக்கமின்றிக் கசிந்துகொண்டே இருக்கும். இரவு, பகல், உறக்கம், விழிப்பு என்ற வேறுபாடு இல்லை.

குழந்தையை இழந்த பதினெட்டு வயதுப் பெண், தன் ஆடை எந்நேரமும் நனைந்திருக்க, தன் வாடையைத் தானே தாங்கமாட்டாமல் குடிசையின் மூலையில் ஒடுங்குகிறாள். கணவன் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுகிறான். தாய்வீட்டிலும் சில காலத்தில் தனிக்குடிசை. அசையாமல் படுத்திருந்தால் கசிவு நின்றுவிடும் என்ற நம்பிக்கையில் கால்களை மடக்கிச் சுருண்டு மாதக்கணக்கில் கிடந்து, பிறகு கால்களை நீட்டவே முடியாமல் போனவர்களும் உண்டு. நரம்பு நசுங்கியதால் பாதம் தொய்ந்து நடை இழந்தவர்களும் உண்டு. பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி என்பார்கள் நம் பாட்டிமார். சாவுக்கும் அந்த மறுபிறவிக்கும் நடுவே மூன்றாவது நிலை ஒன்று இருப்பதை இந்த நோயைப் படித்தபோதே அறிந்தோம்.

இதை வெறும் குழந்தைத் திருமணத்தின் விளைவு என்று சுருக்கிவிடுவது வழக்கம். அது பாதி உண்மை. வளர்ந்து முடியாத இடுப்பு ஒரு காரணம். சிறுவயதுப் பட்டினியால் குன்றிய உடல் இன்னொரு காரணம். ஆனால் நான்கைந்து பிள்ளைகளை நலமாகப் பெற்ற பெண்ணுக்கும் அடுத்த பிரசவத்தில் இது நேரலாம். எல்லோருக்கும் பொதுவான காரணம் ஒன்றே: உதவி இருந்த இடத்துக்கும் அவள் இருந்த இடத்துக்கும் இடைப்பட்ட தூரம்.

* * *

1958இல், சிட்னியில் மகப்பேறு மருத்துவர்களாக இருந்த ரெஜினால்ட் ஹாம்லின், கேத்தரின் ஹாம்லின் தம்பதியர் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு விளம்பரத்தைப் பார்த்தார்கள். அடிஸ் அபாபாவின் இளவரசி செஹாய் மருத்துவமனையில் மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளி தொடங்க ஒரு மகப்பேறு மருத்துவர் தேவை என்றது அது. 1959இல் ஆறு வயது மகனோடு வந்திறங்கினார்கள். ஒப்பந்தம் மூன்றாண்டுகளுக்கு. ரெஜினால்ட் 1993இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். கேத்தரின் 2020 மார்ச் 18ஆம் நாள், தம் 96ஆம் வயதில், அடிஸ் அபாபாவிலேயே காலமானார்.

அந்த மருத்துவமனையின் பெயரிலேயே ஒரு துயரம் உண்டு. செஹாய், பேரரசர் ஹைலே செலாசியின் மகள். லண்டனில் செவிலியர் பயிற்சி பெற்றவர். 1942இல், பேறுகாலச் சிக்கலால், இருபத்துமூன்று வயதை எட்டுவதற்குள் இறந்தார். அரசகுமாரியும் பயின்ற செவிலியுமான ஒருத்திக்கே அதுதான் கதி என்றால், மலைமேல் ஆடு மேய்த்தவளின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

ஹாம்லின் தம்பதியர் ஆழ்ந்த இறைநம்பிக்கை உடையவர்கள். எனினும் எந்த மிஷன் சங்கமும் அவர்களை அனுப்பவில்லை; அரசு ஒப்பந்தத்தில் வந்தவர்கள். சிட்னியில் அவர்கள் ஃபிஸ்டுலா நோயாளியைக் கண்டதே இல்லை. அடிஸ் அபாபாவிலோ, பல நாள் நடந்தும் பேருந்தில் பிறர் முகஞ்சுளிப்பைப் பொறுத்தும் வந்த பெண்கள் மருத்துவமனை வாசலில் அமர்ந்திருந்தார்கள். பழைய மருத்துவ நூல்களையும் இதழ்களையும் தேடிப் படித்து அறுவை முறையைக் கற்றார்கள். கெய்ரோவின் புகழ்பெற்ற மகப்பேறு மருத்துவர் நகிப் மஹ்ஃபூஸ் பாஷாவின் அனுபவமும் அவர்களுக்குக் கைகொடுத்தது.

இலக்கிய வாசகர்கள் இப்பெயரில் ஒருகணம் நின்றுவிடுவார்கள், நாங்களும் நின்றோம். 1988இல் நோபல் பரிசு பெற்ற எகிப்திய நாவலாசிரியர் நகிப் மஹ்ஃபூஸ், 1911இல் மிகக் கடினமான ஒரு பிரசவத்தில் பிறந்தவர். அந்தப் பிரசவத்தைப் பார்த்துத் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றிய மருத்துவரின் முழுப்பெயரையே பெற்றோர் பிள்ளைக்கு இட்டனர். அந்த மருத்துவர்தான் இவர். முஸ்லிம் வீட்டுப் பிள்ளைக்கு காப்டிக் கிறிஸ்தவரின் பெயர்! நாம் நாவல்களின் அட்டையில் படிக்கும் பெயர் ஒரு பிரசவ அறையின் நன்றிக்கடன் என்பதை அறிந்தபோது, இந்த விஷயம் நம் புத்தக அலமாரிக்கு அவ்வளவு தொலைவில் இல்லை என்று தோன்றியது.

1974இல் ஃபிஸ்டுலாவுக்கென்றே தனி மருத்துவமனையை அடிஸ் அபாபாவில் ஹாம்லின் தம்பதியர் திறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பேரரசர் வீழ்ந்தார். இராணுவ ஆட்சி வந்தது. வெளிநாட்டினர் பலர் வெளியேறியபோதும் இவர்கள் வெளியேறவில்லை. சிகிச்சை முற்றிலும் இலவசம். அந்நிறுவனம் தொடக்கத்திலிருந்து இதுவரை அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிகிச்சை அளித்திருக்கிறது. பத்தில் ஒன்பது பேருக்குத் துளை மூடிவிடுகிறது.

குணமடைந்து ஊர் திரும்பும் பெண்ணுக்கு அங்கே ஒரு புதிய ஆடை தருவது வழக்கம். அந்த ஒரு செய்தி எங்களை மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக உலுக்கியது. ஆண்டுக்கணக்கில் உலர்ந்த துணியே உடுத்தியறியாத உடல் அது. மருத்துவப் பதிவேட்டில் 'குணமடைந்தார்' என்று எழுதுவதை அவள் மொழியில் எழுதினால் அது ஓர் ஆடையாகத்தான் இருக்க முடியும்.

* * *

இவ்வளவையும் படித்துமுடித்த கூட்டத்தில்தான் முதல் சண்டை வந்தது. கடவுள் மறுப்பாளரான நண்பர் கேட்டார்: "கறுப்புத் தேசத்துக்கு வெள்ளை தேவதை வந்து காப்பாற்றிய கதைதானே இது? இதை எத்தனை முறை கேட்பது?"

கேள்வி நியாயமானது. அதற்கான விடையை ஹாம்லின்களிடம் தேடாமல் அவர்களைச் சுற்றியிருந்தவர்களிடம் தேடினோம்.

மமிட்டு காஷே என்றொரு பெண். மலைக்கிராமத்தில் பிறந்தவர், எழுதப்படிக்கத் தெரியாதவர். 1962இல், ஏறத்தாழ பதினாறு வயதில், நாட்கணக்கில் நீண்ட பிரசவ வலியில் குழந்தையை இழந்து, உடல் சிதைந்து ஹாம்லின்களிடம் வந்துசேர்ந்தார். சிகிச்சைக்குப் பின் அங்கேயே தங்கிப் படுக்கைகளைச் சீர்செய்தார். பின்னர் அறுவை அறையில் கருவிகளை எடுத்துக்கொடுத்தார். அவர் கைகளின் நிதானத்தைக் கவனித்த ரெஜினால்ட், படிப்படியாகத் தைக்கக் கற்றுக்கொடுத்தார். காலப்போக்கில் மமிட்டு உலகின் தேர்ந்த ஃபிஸ்டுலா அறுவை வல்லுநர்களுள் ஒருவரானார். பயிற்சிக்கு வந்த வெளிநாட்டு மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1989இல் இங்கிலாந்தின் அரச அறுவை மருத்துவர் கல்லூரி ஹாம்லின்களோடு அவரையும் தங்கப் பதக்கத்தால் சிறப்பித்தது. 2018இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது.

காப்பாற்றப்பட்டவள் காப்பாற்றுபவளானாள் என்று இதை அழகாகச் சொல்லிவிடலாம். எங்களுக்கு அதைவிட முக்கியமாகப்பட்டது வேறு. தன் நோயாளியைத் தனக்குச் சமமான கைகளாக மாற்றுவதற்கு ஓர் அறுவை மருத்துவர் தயாராக இருந்தார் என்பதே அது. பட்டம் இல்லை, எழுத்தறிவு இல்லை என்ற இரு சுவர்களை அவர் பொருட்படுத்தவில்லை. நம் நாட்டு மருத்துவமனைகளில் இது நடந்திருக்குமா என்று எங்களில் ஒருவர் கேட்டார். எவரும் பதில் சொல்லவில்லை.

இந்த அறுவையின் வரலாற்றை இன்னும் பின்னோக்கித் துழாவினால் இருட்டு மேலும் அடர்கிறது. 1840களில் அமெரிக்காவின் அலபாமாவில் மேரியன் சிம்ஸ் என்னும் மருத்துவர் இதற்கான முறையை உருவாக்கினார். சோதனைக்கு உட்பட்டோர் அடிமைப் பெண்கள். அனார்ச்சா, பெட்சி, லூசி என மூவரின் பெயர்கள் மட்டும் எஞ்சியுள்ளன. அனார்ச்சாவுக்கு மட்டும் சுமார் முப்பது முறை அறுவை நடந்தது, மயக்க மருந்தின்றி. 1849இல் வெள்ளிக் கம்பி கொண்டு தைத்தபோது துளை மூடியது. சிம்ஸுக்கு நியூயார்க் சென்ட்ரல் பூங்காவின் ஓரத்தில் சிலை எழுந்தது. 2018 ஏப்ரலில் அது அகற்றப்பட்டது. மமிட்டுவின் கையிலிருந்த ஊசிக்குப் பின்னால் அனார்ச்சாவின் உடல் இருக்கிறது. அறிவு யாருடைய வலியிலிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டு அந்த அறிவின் பயனை மட்டும் கொண்டாட முடியாது. பெயர் கேட்கப்படாதவளின் வலியிலிருந்து வந்த முறை, பெயர் கேட்கப்பட்டு, வலி குறைக்கப்பட்டு, இலவசமாக, இன்னொரு கறுப்பினப் பெண்ணுக்குத் திரும்பிச் சேர்ந்தது. அதைக் கடன் தீர்த்தல் என்று சொல்லிவிட முடியாது. கடன் இருப்பதை ஒப்புக்கொண்டது போலாவது அது இருக்கிறது.

* * *

அடுத்த சண்டை மதமாற்றத்தைப் பற்றியது. தமிழ்ச் சூழலில் மிஷன் மருத்துவமனையைப் பற்றிப் பேசிவிட்டு இதைப் பேசாமல் எழுந்துபோக இயலாது.

எத்தியோப்பியாவில் இக்கேள்வி வேறு வடிவம் கொள்கிறது. அங்கே கிறிஸ்தவம் நான்காம் நூற்றாண்டில், அக்சும் மன்னன் எசானாவின் காலத்தில் அரச சமயமாயிற்று. இங்கிலாந்து கிறிஸ்தவ நாடாவதற்கு முன்பே அந்நாடு கிறிஸ்தவ நாடு. பெண்களை வாசலில் விட்டுவிட்டுப் போன கணவன்மாரில் பலரும் சிலுவை அணிந்தவர்களே, இஸ்லாமியரும் கணிசம். அங்கே கிறிஸ்தவ மருத்துவர் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது வேதாகமத்தை அல்ல, அது முன்பே அங்கிருந்தது. அதைக் கையில் வைத்திருந்தவர்களும் இந்தப் பெண்களைத் தொடவில்லை. தொட்டதே அவர்களுடைய ஊழியம் என்றார் எங்களுள் கிறிஸ்தவரான ஒருவர். "தொடுவதற்கு எதற்குக் கடவுள்?" என்றார் மறுப்பாளர். "அறுபது வருஷம் தொடர்ந்து தொடுவதற்கு ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறதே ஐயா" என்றார் மற்றவர். அத்தோடு அன்றைய தேநீர் ஆறிப்போனது.

ஆனால் சமயம் எப்போதும் உதவும் கையாகவே இருந்தது என்று கொள்வதற்கும் இடமில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். கன்னியர்கள் பிரசவம் பார்க்கலாகாது என்பது நெடுங்காலத் தடை. கற்பு நேர்ந்தவர்கள் அந்த அறைக்குள் இருப்பது தகாது என்ற எண்ணம். பிரிட்டிஷ் இந்தியாவின் ராவல்பிண்டியில் பணியாற்றிய ஆஸ்திரிய மருத்துவர் அன்னா டெங்கல், ஆண் மருத்துவரிடம் தம்மைக் காட்ட மறுத்து, பிரசவத்தில் மடியும் பர்தாப் பெண்களைக் கண்டார். 1925இல் 'மெடிக்கல் மிஷன் சிஸ்டர்ஸ்' என்ற சபையை நிறுவினார். மருத்துவம் பார்ப்பதற்காகவே ஏற்பட்ட கன்னியர் சபை, மருத்துவத்தின் மிக அவசரமான பிரிவை முழுமையாகக் கையாள ரோமின் அனுமதிக்காகக் காத்திருந்தது. அந்த அனுமதி 1936இல்தான் வந்தது. தூய்மை பற்றிய கவலை, இரத்தத்தில் கிடந்தவளைப் பற்றிய கவலையை அத்தனை ஆண்டுகள் முந்திக்கொண்டிருந்தது! தீட்டு என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ளத் தனி விளக்கம் தேவைப்படாது.

நம் வேலூரின் கதையும் இங்கே நினைவுக்கு வராமல் இராது. ஒரே இரவில் மூன்று ஆண்கள் தனித்தனியே வந்து தத்தம் மனைவியின் பிரசவத்துக்கு உதவ அழைத்ததும், ஆண் மருத்துவரான தந்தையை ஏற்க அவர்கள் மறுத்ததும், மூவரும் விடிவதற்குள் இறந்ததும் ஐடா ஸ்கடரை மருத்துவராக்கின என்பது தமிழ்நாட்டில் பலர் அறிந்த வரலாறு. ராவல்பிண்டியிலும் வேலூரிலும் அடிஸ் அபாபாவிலும் மிஷன் மருத்துவம் பிரசவ அறை வாசலில் வந்து நின்றது தற்செயல் அல்ல. ஒரு சமூகம் தன் பெண்களை எந்த இடத்தில் கைவிடுகிறதோ அந்த இடத்தில்தான் அந்நியருக்கு வேலை இருக்கிறது.

* * *

எங்களில் ஒருவருடைய தாயார் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊரில் இன்றும் 'நர்சம்மா' என்றால் அவர்தான். ஒரு மாலை நாங்கள் ஹாம்லின்களின் கதையை அவரிடம் விரிவாகச் சொன்னோம். முழுவதும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த டாக்டரம்மா தைத்ததெல்லாம் பெரிய புண்ணியம் தம்பி. ராத்திரி வலி கண்டால் அந்தப் பெண்கள் வண்டிக்கு யாரிடம் போவார்கள்? அதைச் சொல்லவில்லையே நீங்கள்."

தைப்பதற்கு முந்தைய கேள்வி அது. பேறுகால மரணங்களை ஆராய்ந்தோர் 1990களில் மூன்று தாமதங்கள் என்று இதை வகுத்தார்கள். மருத்துவமனைக்குப் போகலாம் என்று வீட்டில் முடிவெடுப்பதில் தாமதம்; வழியில் தாமதம்; போய்ச் சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். எத்தியோப்பிய மலைப்பகுதியில் இரண்டாவது தாமதம் கொடியது. நோயாளியைக் கழிகளில் கட்டிச் சுமந்து மலையிறங்க வேண்டும். டோலி கட்டித் தூக்கிவந்தார்கள் என்ற செய்தி நம் ஜவ்வாது மலையிலிருந்தும் அவ்வப்போது வருவதுதான்.

இந்த இரண்டாவது தாமதத்துக்கு விடைகண்ட இடம் ஒன்றைத் தேடியபோது அட்டாட் கிடைத்தது. குராகே பகுதியில், மெடிக்கல் மிஷன் சிஸ்டர்ஸ் 1969இல் தொடங்கிய கிராமப்புற மருத்துவமனை அது. 1976இல் அதன் வளாகத்தில் ஒரு காத்திருப்பு இல்லத்தை ஏற்படுத்தினார்கள். முன்பு சிசேரியன் ஆனவர்கள், முன்பு பிள்ளையை இழந்தவர்கள், ஃபிஸ்டுலா தைக்கப்பட்டவர்கள் போன்றோர் கடைசி வாரங்களில் அங்கே வந்து தங்கிக்கொள்வார்கள். எளிய கூரை வீடு. துணைக்கு ஓர் உறவுக்காரப் பெண். தானியமும் விறகும் தாங்களே கொண்டுவந்து தாங்களே சமைத்துக்கொள்வார்கள். வலி கண்டால் முற்றத்தைக் கடந்தால் அறுவை அறை. அவ்வளவுதான் ஏற்பாடு. இதில் புதிய கருவி இல்லை, மேதைமை இல்லை, நிழற்படத்துக்கு உகந்த காட்சியும் இல்லை.

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவரும் நம் வழக்கத்தை எண்ணிக்கொண்டோம். இதுவும் ஒரு தாய்வீடுதான். மருத்துவமனையின் பக்கத்தில் கட்டப்பட்ட தாய்வீடு.

1987 முதல் 2008 வரை இருபத்திரண்டு ஆண்டுகளின் கணக்கை அட்டாட் மருத்துவமனை வைத்திருந்தது. 2010இல் அது ஆய்வேடாக வெளிவந்தது. காத்திருப்பு இல்லத்தின் வழியாக வந்து பிரசவித்தோர் 6,805 பேர். நேரடியாக வந்தோர் 17,343 பேர். முதல் பிரிவில் தாய்மார் இறப்பு ஒரு லட்சம் பிறப்புக்கு 90 என்ற அளவில் இருந்தது. இரண்டாம் பிரிவில் அது 1,333. இறந்து பிறந்த குழந்தைகள் முதல் பிரிவில் ஆயிரத்துக்கு 18க்கும் குறைவு. இரண்டாம் பிரிவில் 191. நேரடியாக வந்தோரில் பலர் ஏற்கெனவே வீட்டில் வலியோடு போராடிச் சோர்ந்து கடைசி நேரத்தில் சுமந்துவரப்பட்டவர்கள். ஆகவே இரண்டையும் நேர்க்கு நேர் ஒப்பிட்டு வேறுபாடு முழுவதையும் கூரை வீட்டின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் அந்த வேறுபாடு சொல்லும் பொருள் தெளிவு. ஆபத்து மிகுந்தவர்கள் என்று குறிக்கப்பட்டவர்களே, முன்கூட்டி வந்ததால், மற்றவர்களைவிடப் பல மடங்கு பத்திரமாக இருந்தார்கள்.

நர்சம்மாவிடம் இந்த எண்களைச் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. "பக்கத்தில் இருந்தால் பிழைப்பாள்" என்றார். இருபத்திரண்டு ஆண்டு ஆய்வின் முடிவுரை அந்த மூன்று சொற்களில் அடங்கிவிட்டது.

* * *

கேத்தரின் ஹாம்லினும் இதை உணராதவர் அல்லர். தலைநகரில் எத்தனை பேரைத் தைத்தாலும் கிராமத்தில் புதிய துளைகள் விழுந்துகொண்டே இருக்கும். எனவே பிற்காலத்தில் அவருடைய நிறுவனம் வெளியே நகர்ந்தது. 2005இல் பாகிர் தாரில் தொடங்கி மெக்கெலே, யிர்காலெம், ஹரார், மெட்டு என ஐந்து ஊர்களில் கிளை மருத்துவமனைகள் வந்தன. 2007இல் மருத்துவச்சிகளுக்கான கல்லூரி திறக்கப்பட்டது. கிராமப்புறப் பெண்களைத் தேர்ந்து பயிற்றுவித்து அவரவர் பகுதிக்கே திருப்பி அனுப்புவது அதன் நோக்கம். மருத்துவச்சிகளுக்குப் பள்ளி தொடங்க வேண்டும் என்ற அந்த 1958ஆம் ஆண்டு விளம்பரம், நாற்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து அவர் கையாலேயே நிறைவேறியது என்று சொல்லத் தோன்றுகிறது.

தைத்தும் குணமாகாத சிலருக்கு 'தெஸ்தா மெந்தர்' என்ற குடியிருப்பும் உண்டு; ஆனந்தக் கிராமம் என்பது அதன் பொருள். பத்தில் ஒன்பது என்ற வெற்றிக்கணக்கில் விடுபட்ட அந்தப் பத்தாமவளுக்கும் ஓர் இடம் ஒதுக்கத் தோன்றியதே, அதை நாங்கள் அவ்வெற்றியைவிடக் குறைவாக மதிக்கவில்லை.

ஆனாலும் ஒரு நாட்டின் பெண்களை மிஷன்களே காப்பாற்றிவிட முடியாது. 2000ஆம் ஆண்டில் எத்தியோப்பியாவில் ஒரு லட்சம் பிறப்புக்கு 871 தாய்மார் இறந்தனர் என்கிறது அந்நாட்டின் தேசியக் கணக்கெடுப்பு. 2016இல் அது 412 ஆகக் குறைந்தது. மருத்துவ நிலையங்களில் நடந்த பிரசவங்கள் 2000இல் நூற்றுக்கு 5, 2016இல் 26, 2019இல் 48. இதற்குப் பின்னே 2003 முதல் அரசு கிராமந்தோறும் அமர்த்திய முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சுகாதாரப் பணியாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஏறக்குறைய அனைவரும் பெண்கள், உள்ளூர் நர்சம்மாக்கள். காத்திருப்பு இல்லங்களையும் அரசு நாடெங்கும் மேற்கொண்டது. மிஷன்கள் செய்துகாட்டியதை அரசு பெருக்கியது. அதுவே சரியான வரிசை என்று எங்களில் மறுப்பாளரும் கிறிஸ்தவரும் ஒருமனதாக ஒப்புக்கொண்டது ஓர் அதிசயம்.

கட்டியதெல்லாம் நிலைக்கும் என்பதற்கும் உறுதியில்லை. 2020 நவம்பரில் திக்ரே பகுதியில் மூண்ட போர் 2022 நவம்பர்வரை நீடித்தது. மருத்துவ நிலையங்கள் சூறையாடப்பட்டன, பாதைகள் அடைபட்டன. பாதை அடைபட்டால் தூரம் திரும்பி வந்துவிடுகிறது. தூரம் திரும்பினால் அந்த நோயும் திரும்பும். உலகெங்கும் ஏறத்தாழ ஐந்து லட்சம் பெண்கள் ஃபிஸ்டுலாவுடன் வாழ்வதாக ஐக்கிய நாடுகளின் மக்கள்தொகை நிதியம் மதிப்பிடுகிறது. சிசேரியன் செய்ய ஆளிருக்கும் ஊரில் பிறந்திருந்தால் அவர்களில் பெரும்பாலோருக்கு இந்நோயின் பெயரே தெரிந்திருக்காது.

* * *

இத்தனை மாத வாசிப்பில் எங்களிடையே தீராத ஒரு கருத்து வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். எதை நினைவில் வைத்துக்கொள்வது என்பதே அது. இருவருக்கு அந்தப் புதிய ஆடை. அதில் ஒரு முகம் இருக்கிறது, கண்ணீர் இருக்கிறது, ஊர் திரும்பும் பயணம் இருக்கிறது. கதை என்றால் அதுதான். மற்ற மூவருக்கு அட்டாட்டின் கூரை வீடு. அங்கே நடப்பது ஒன்றுமில்லை. ஒருத்தி வருகிறாள், சமைக்கிறாள், காத்திருக்கிறாள், பிள்ளையோடு போகிறாள். நேராத துயரத்துக்கு முகம் கிடையாது. அதைப் பற்றி எவரும் நாவல் எழுதுவதில்லை.

இலக்கியம் ஆடையின் பக்கமே சாய்கிறது. அது அதன் இயல்பு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் வாசகர்களுக்கு இன்னொரு கடமையும் உண்டு என்று நினைக்கிறோம். கதையாகாதவற்றையும் படித்துவைப்பது. பதிவேட்டில் '6,805' என்று ஓர் எண்ணைக் கண்டால், அது அத்தனை விறகுக்கட்டுகள், அத்தனை உலைப்பானைகள், முற்றத்தைக் கடக்கும் அத்தனை பெண்கள் என்று விரித்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டல்லவா? குறுந்தொகையின் நான்கு வரியை ஒரு மாலை முழுதும் விரித்துப் பேசுகிற நமக்கு அது கடினமான காரியமன்று.

அடுத்த மாதம் நாங்கள் மீண்டும் நாவலுக்குத் திரும்புகிறோம். எந்த நாவல் என்பதில் மட்டும் இம்முறை சண்டை வரவில்லை. நகிப் மஹ்ஃபூஸ்தான்.